கொஞ்சம் கெடுத்துக் கொடுங்க, பெரியப்பா

போன சித்திரையில் ஊருக்குப் போயிருந்தபோது என் தம்பி மகன் ஒரு பெட்டியைத் தூக்கிவந்து திண்ணையில் வைத்தான். ரொட்டிப் பெட்டி அளவுதான் இருக்கும். முன்பக்கம் சின்னக் கண்ணாடி ஜன்னல். அதற்குள் ஒரு வால்வு ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருந்தது. கிட்டார் ஆம்ப்ளிஃபையராம். பையனுக்குச் சென்னையில் கணினி வேலை. சனி ஞாயிறு ராத்திரிகளில் நாலு பேராகச் சேர்ந்து மெட்டல் வாசிக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு அக்கம்பக்கத்தில் யாரும் இதுவரை வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை என்பதால் அவர்கள் நல்ல வாசிப்பாளர்களாக இருக்க முடியாது என்பது என் கணிப்பு.

"பெரியப்பா, நீங்க மைக் செட்ல வேலை பாத்தீங்களாமே. இது ரொம்ப சுத்தமா கேக்குது. பூஸ்ட்டும் கெயினும் பத்தல. கொஞ்சம் கெடுத்துக் கொடுங்க."

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆம்ப்ளிஃபையரைக் கெடுத்ததற்காக என் வாழ்க்கையில் ஒருமுறை அறை வாங்கியிருக்கிறேன். கெடுத்துக் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டவன் இவன்தான் முதல் ஆள்.

அந்த அறையின் கதையைச் சொல்லுவதற்கு முன்னால் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேல்சித்தாமூர், திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே உள்ளே தள்ளி இருக்கிற ஊர். தமிழ்ச் சமணர்களின் மடம் இங்கேதான். பார்சுவநாதர் கோயிலும் அதன் தேரும் பெரிசு. ஆனால் எனக்குச் சின்ன வயதிலிருந்து பிடித்தது மல்லிநாதர் கோயில் பாறைதான். அதில் பாகுபலி நிற்கிறார். காலைக் கொடி சுற்றிக்கொண்டும் அசையாமல், பேசாமல் நிற்கிறார். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில் இன்னொரு பாறை. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்டதை அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மொத்தத்தில், சத்தம் போடாமல் இருப்பதில் சாதனை படைத்த வட்டாரம் எங்களுடையது. இங்கேயிருந்துதான் நான் சத்தம் ஏற்றுகிற வேலைக்குப் போனேன்.

1983 கோடை. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நேரம். சும்மா இருந்த பையனைத் திண்டிவனத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் விட்டார்கள். முன்னால் ரிப்பேர் மேசை, பின்னால் வாடகை மைக் செட். மெக்கானிக் அண்ணன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நயினார் என்று பட்டம் உள்ள சமண வீட்டுப் பிள்ளை என்பதால் "நயினாரே" என்பார். "நயினாரே, மரத்துல ஏறுங்க." "நயினாரே, டீ வாங்கியாங்க." பதினைந்து வயதில் இவ்வளவு மரியாதையோடு வேலை வாங்கப்பட்டவன் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மைக் செட் வேலை என்றால் முக்கால்வாசி மரம் ஏறுவது. தென்னையிலும் புளியமரத்திலும் குழாய் கட்டுவது, அதாவது கூம்பு ஒலிபெருக்கி. அண்ணனிடம் ஒரு வேதவாக்கு உண்டு: "சத்தம் பத்தலன்னா வாட்ஸை ஏத்தாத, குழாயை ஏத்து." அப்போது அது சோம்பேறியின் வேதாந்தமாகப் பட்டது. பிற்பாடு படித்தபோதுதான் அதில் இருந்த கணக்கு புரிந்தது. 30 வாட் ஆம்ப்ளிஃபையரை 60 வாட் ஆக்கினால் சத்தம் இரண்டு பங்கு ஆகாது. வெறும் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு ஒரு சின்ன நகர்வு. இரண்டு பங்கு சத்தமாகக் காதுக்குப் பட வேண்டுமென்றால் வாட்ஸை ஏறக்குறைய பத்து மடங்காக்க வேண்டும். அதற்குப் பதில் குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றி, திசை பார்த்துத் திருப்பினால் பக்கத்து ஊருக்கே கேட்கும். செலவு ஒரு முழம் கயிறு, ஒரு நயினார்.

இந்த வேதவாக்குக்கு அடங்காத ஒரே ஜீவன் கிட்டார் அண்ணன். திண்டிவனத்து மெல்லிசைக் குழு ஒன்றில் கிட்டார் வாசிப்பவர். 1979-இல் 'நினைத்தாலே இனிக்கும்' வந்த நாளிலிருந்து முடியை வெட்டவில்லை. 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தது. அதில் 'இளைய நிலா' பாட்டுக்கு ஆர். சந்திரசேகர் வாசித்த கிட்டாரைக் கேட்டுவிட்டு இவர் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டார் என்று பேச்சு. ஆனால் மேடையில் அவர் வாசிப்பதை ஒருவரும் கேட்டதில்லை. "தபேலா கேக்குது, டிரம்ஸ் கேக்குது, ஆர்கன் கேக்குது. என் கிட்டாரு போட்டோவுல மட்டுந்தான் தெரியுது" என்று கடைக்கு வந்து புலம்புவார்.

குறை அவர் விரலில் இல்லை என்பதை அண்ணன் கண்டுபிடித்தார். அப்போது வாடகைக்குப் போய்க்கொண்டிருந்தவை டிரான்சிஸ்டர் செட்டுகள். அவற்றின் மைக் துளை மைக்குக்காகச் செய்தது. கிட்டாரின் பிக்-அப்பை அதில் மாட்டினால் அது கிட்டாரின் மூச்சை அமுக்கிவிடும். ட்ரெபிள் எல்லாம் செத்து, போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு வாசிக்கிற மாதிரி இருக்கும். பழைய வால்வு செட்டில் அந்தத் தொல்லை கிடையாது. கிரிஸ்டல் மைக் காலத்து நுழைவாயில் கிட்டாருக்கு ஒத்துப்போகும். மேசைக்கடியில் அப்படி ஒன்று ஒட்டடை பிடித்துக் கிடந்தது. 30 வாட். உள்ளே இ.சி.சி. 83 வால்வு இரண்டு, சாதம் வடிக்கிற சூட்டில் எரிகிற பவர் வால்வு இரண்டு. ஒன்றில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் முத்திரை இன்னும் அழியாமல் இருந்தது.

மாட்டிப் பார்த்தோம். கிட்டார் மணி மாதிரி கேட்டது. ஆனால் மணி சின்ன மணி. டிரம்ஸுக்கு எதிரே நிற்காது. கிட்டார் அண்ணன் அழாக்குறையாக நின்றார். பத்து நாளில் எங்கள் ஊருக்குப் பக்கத்து கிராமத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. செஞ்சி வட்டாரத்தில் அது சாதாரண விஷயம் இல்லை. இந்த அம்மன் வழிபாட்டுக்கு மூலக் கோயில் என்று சொல்லுகிற மேலச்சேரி செஞ்சிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ராத்திரி ராத்திரியாகப் பாரதக் கூத்து நடக்கும். கூத்துக்காரர்கள் தொண்டையால் மட்டுமே ஒரு திடலை நிரப்புகிறவர்கள். முகவீணைக்கு மேலே ஏறி நிற்கிற குரல் அது. அவர்களே மைக் கேட்க ஆரம்பித்திருந்த காலம். தீமிதி முடிந்த மறுநாள் ராத்திரி மெல்லிசை. கூத்துக்காரர் தொண்டைக்குப் பழகிய ஜனம். அங்கே கிட்டார் கேட்காவிட்டால் அவர் கிட்டாரை வைகை எக்ஸ்பிரஸ் முன்னால் வைத்துவிடுவதாகச் சொன்னார்.

அண்ணன் யோசித்தார். பிறகு செட்டை எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்துவிட்டார். திருவிழா முடியும்வரை வேலை இந்தப் பக்கம்தான், போய்வர பஸ் செலவு மிச்சம். அந்தத் திண்ணையில் மூன்று ராத்திரி அறுவை சிகிச்சை நடந்தது.

முதலில் அவர் சொல்லிக்கொடுத்தது வித்தை இல்லை, உயிரைக் காப்பாற்றிக்கொள்வது. வால்வு செட்டின் வயிற்றில் 350 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கினாலும் பெரிய கண்டன்சர்கள் கரண்டை வைத்துக்கொண்டு காத்திருக்கும். அதைத் தக்க ரெசிஸ்டன்ஸ் வழியாக வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்தபிறகுதான் விரல் வைக்க வேண்டும். அப்போதும் ஒரு கை மட்டும். "இன்னொரு கை முதுகுக்குப் பின்னாடி போகணும் நயினாரே. ரெண்டு கையும் உள்ள போனா கரண்டு நெஞ்சு வழியாத்தான் போகும்."

முதல் ராத்திரி, ஒரே ஒரு கண்டன்சர். முதல் வால்வின் காலடியில் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸ் ஒன்று உட்கார்ந்திருக்கும். சமிக்ஞை ஏறும்போதெல்லாம் வால்வை லேசாகப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது அதன் குணம்; பெரிய வீட்டு மாமியார் மாதிரி. அதன் குறுக்கே 25 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்றை ஈயம் வைத்துவிட்டால், மாமியார் ஊருக்குப் போனமாதிரி. சுமார் 35 மடங்கு பெருக்கிக்கொண்டிருந்த வால்வு 60 மடங்குக்குப் போய்விடும்.

இரண்டாம் ராத்திரி, ஒரு கம்பியை வெட்டினோம். வெளியே போகிற ஒலியிலிருந்து ஒரு துளியைத் திருப்பிக் கொண்டுவந்து, உள்ளே வருகிறதோடு ஒத்துப் பார்த்து, பிழையைக் கழிக்கிற கம்பி அது. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்து ஹெரால்டு பிளாக் 1927 ஆகஸ்டில் ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது இந்த யோசனை தோன்றி, கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே வரைந்துவைத்தாராம். பெருக்கியின் பிழையை எப்படிக் குறைப்பது என்று அந்த மனிதர் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் கட்டிங் பிளேயரால் ஒரு கிள்ளு. சத்தம் ஒரு எட்டு முன்னால் வந்தது. பிழைகளும் கூடவே வந்தன.

மூன்றாம் ராத்திரிதான் பெரிய பாவம். செட்டில் மைக் 1, மைக் 2 என்று இரண்டு வாசல். ஒவ்வொன்றுக்கும் அரை வால்வு. மைக் 2 சும்மாதானே கிடக்கிறது? அதை மைக் 1-க்குப் பின்னால் வரிசையாகக் கோர்த்தோம். 60 மடங்கு பெருக்கியதை மறுபடி 60 மடங்கு. தாளில் கணக்குப் போட்டால் 3600. பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. சுவிட்சைப் போட்டதும் பெட்டி 'ஊய்ங்' என்று கூவியது. உள்ளே கம்பிகளைத் தள்ளித் தள்ளி வைத்து அதை அடக்கினோம். அடக்கியதும், கிட்டார் மாட்டாமலே உள்ளிருந்து சன்னமாக சினிமாப் பாட்டு வந்தது. கெயின், அதாவது பெருக்கம், எல்லை மீறினால் கம்பியே ஏரியலாகி, வால்வே ரேடியோ ஆகிவிடும். புதுச்சேரி வானொலி. அண்ணன் கிட்டார் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "இதுவே நல்லா வாசிக்குது. நீ வேணா வீட்டுக்குப் போ."

இதற்கு நடுவே இன்னொரு சிக்கல். விட்டில். ராத்திரியில் வெளிச்சத்துக்கு வருகிற பூச்சி, எரிகிற வால்வின் கண்ணாடியில் மோதி, பொசுங்கி விழுந்தது. எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். விளக்கு வைத்தபின் சாப்பிட்டால் சோற்றில் பூச்சி விழும், உயிர் போகும். தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிக்கக்கூடாது. அப்படிப்பட்ட வீட்டுத் திண்ணையில் நான் விட்டில் பூச்சிக்குத் தகனமேடை நடத்திக்கொண்டிருந்தேன். அப்பா வெளியே வந்தார். கிட்டார் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. குனிந்து, செட்டின் மேல் கிடந்த கரிந்த இறக்கைகளைப் பார்த்தார். உள்ளே போய்த் தண்ணீர் வடிகட்டுகிற வெள்ளைத் துணியை எடுத்துவந்து செட்டின் மேல் போர்த்தினார்.

பத்து நிமிஷத்தில் துணி பழுத்து வாடை வந்தது. அண்ணன் பதறிப்போய் அதை உருவினார். மறுநாள் திண்டிவனத்திலிருந்து கொசுவலைக் கம்பி வாங்கி வந்து, வால்வுகளிலிருந்து நாலு விரற்கடை தள்ளி ஒரு கூண்டு செய்து மாட்டினார். தமிழ்நாட்டில் கொல்லாமை விரதம் பூண்ட ஒரே ஆம்ப்ளிஃபையர் அதுவாகத்தான் இருக்கும்.

கச்சேரி ராத்திரி பத்தரைக்கு ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் பத்தரை என்பது சாயங்காலம். மூன்றாவது பாட்டில் கிட்டார் அண்ணனின் முறை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு முதல் சுரத்தை இழுத்தார். புளியமரத்துக் குழாயிலிருந்து ரைஸ்மில் பெல்ட் அறுந்தது போல ஒரு சத்தம் வந்தது. 'க்ர்ர்ராங்ங்'. தபேலாக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு மரத்தைப் பார்த்தார். கூட்டத்தில் ஒரு குழந்தை அழுதது. கிட்டார் அண்ணன் மட்டும் கண்ணைத் திறக்காமல் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். முதல் தடவையாக அவர் வாசிப்பு அவருக்கே கேட்டது.

என்ன நடந்தது என்பது எளிமையான விஷயம். ஒலி அலை மேலும் கீழும் வளைந்து வளைந்து போகிற பொருள். வால்வு கொடுக்கக்கூடிய உயரத்துக்கு மேலே அதைத் தள்ளினால், அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். இடி விழுந்த மொட்டைப் பனை மாதிரி. அந்த வெட்டில் புதுசு புதுசாக மேல் சுரங்கள் முளைக்கும். அதுதான் கரகரப்பு. கெயினை ஏற்றினால் ஒரு எல்லைக்குப் பிறகு சத்தம் கூடாது, கரகரப்புதான் கூடும். நாங்கள் பெருக்கியது கிட்டாரை என்று நினைத்திருந்தோம்.

கூட்டம் தன் தீர்ப்பைச் சொன்னது: "குழாய் கிழிஞ்சிபோச்சி!" விழாக்காரர்கள், குழாய் கிழிந்ததற்காக வாடகையில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். குழாய் கிழியவில்லை, அது கிட்டார்தான் என்று அண்ணன் விளக்கினார். அப்படியானால் கிட்டாருக்காகப் பாதி என்றார்கள்.

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் எங்கள் தெருவில் பந்தல் போட்டு ஒரு சொற்பொழிவு. டிரான்சிஸ்டர் செட்டுகள் எல்லாம் கல்யாணங்களுக்குப் போய்விட்டன. வால்வு செட்டைப் பழையபடி மாற்றிவைக்கச் சொல்லிவிட்டு அண்ணன் போயிருந்தார். ரிசல்ட் வந்த மயக்கத்தில் நான் மறந்துவிட்டேன். பேச வந்தவர் கற்றறிந்த பெரியவர். மெல்லிய குரல். அன்றைய தலைப்பு நாவடக்கம்.

பெரியவர் மைக் அருகே வந்து தொண்டையைக் கனைத்தார். தெருவே நடுங்கியது. மாட்டுத்தொழுவத்தில் கயிறு அறுந்தது. "அன்பர்களே" என்று அவர் சொன்னது இரணியனை அழைப்பது போல் இருந்தது. தன் குரலைக் கேட்டு அவரே திடுக்கிட்டு இன்னும் மெதுவாகப் பேசினார், இரண்டு இ.சி.சி. 83-உம் அந்த மெதுவையும் விடவில்லை. குறைவாகப் பேசுவதன் மேன்மையை அவர் கால்மணி நேரம் கர்ஜித்தார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டு, மீதியைச் சொல்லாமலே இறங்கிவிட்டார். நாவடக்கம் பற்றிக் கேட்ட பேச்சுகளில் சொன்னபடி நடந்து காட்டிய பேச்சு அது ஒன்றுதான்.

அண்ணன் அறைந்தது அன்றைக்குத்தான். ஒரே அறை. "மெஷின்ல தப்பு இருந்தா மன்னிக்கலாம். தப்பைச் செஞ்சு வெச்சிட்டு மறந்தா?" தெரு முழுக்க என்னைப் பார்த்தது. அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "பூச்சி வலை மாட்டியிருந்தியா?" மாட்டியிருந்தேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ராத்திரியே கண்டன்சரைக் கழற்றினேன். மைக் 2-ஐ அதன் வாசலில் கொண்டுபோய் விட்டேன். வெட்டிய கம்பியை ஒட்டவைத்தேன். செட்டு மறுபடி மனுஷக் குரலில் பேசியது. அப்புறம் நான் பாலிடெக்னிக் படித்து, வேலைக்குப் போய், ஓய்வும் பெற்றாகிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் என் சம்பளம் முழுக்க ஏதாவது ஒரு வகையில் இரைச்சலைக் குறைப்பதற்காகக் கொடுக்கப்பட்டதுதான்.

இதையெல்லாம் சொன்னதும் தம்பி மகன் என்னைப் பார்த்த பார்வையில், முதல் தடவையாகப் பக்தி தெரிந்தது. "பெரியப்பா, 83-லயே நீங்க கேஸ்கேட் பண்ணியிருக்கீங்க!"

பிறகு அவன் எனக்குத் தலபுராணம் சொன்னான். 1951-இல் அமெரிக்காவில் ஐக் டர்னர் குழுவினர் மெம்பிஸுக்கு ஒலிப்பதிவுக்குப் போகிற வழியில் ஆம்ப்ளிஃபையர் அடிபட்டுவிட்டது. ஸ்பீக்கர் கரகரத்தது. உள்ளே காகிதத்தைத் திணித்துச் சமாளித்து அப்படியே பதிவு செய்தார்கள். அந்தக் கரகரப்புக்காகவே அந்தப் பாட்டு இன்றுவரை பேசப்படுகிறது. 1964-இல் லண்டனில் டேவ் டேவிஸ் என்ற பையன் தன் சின்ன ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் தாளை பிளேடால் கீறினான். அவனும் உலகப் புகழ். 1962-இல் லண்டனில் டிரம்ஸ் கடைக்காரர் ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும் அமெரிக்க ஃபெண்டர் பெட்டியைப் பார்த்து ஒன்று செய்தார்கள். முதல் வால்வாக அதில் இருந்ததைவிடக் கெயின் அதிகமான இ.சி.சி. 83-ஐப் போட்டார்கள். அது மார்ஷல் ஆயிற்று. கலிஃபோர்னியாவில் ராண்டல் ஸ்மித் என்பவர் சின்ன ஃபெண்டர் பெட்டிகளை ஊதிப் பெருக்கிக்கொடுத்தார். கார்லோஸ் சாண்டானா அதை வாசித்து மெச்சினார். பின்னாளில் ஸ்மித் ஒரு வால்வுக்குப் பின்னால் இன்னொரு வால்வைக் கோர்த்தார்; இவன் சொன்ன கேஸ்கேட் அதுதான். மெசா பூகி என்று ஒரு கம்பெனியே எழுந்தது.

"மைக் 2-ஐ மைக் 1 பின்னால மாட்டினாரா?" என்றேன்.

"அதேதான் பெரியப்பா."

அங்கே கிழிந்த குழாய்க்குப் புகழ் கிடைத்தது. இங்கே கிழியாத குழாய்க்குப் பாதி வாடகை போயிற்று. கம்பியை வெட்டுவதில் ஒன்றுமில்லை, எந்த ஊரில் நின்று வெட்டுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

அவன் மடிக்கணினியையும் திறந்து காட்டினான். வால்வு ஆம்ப்ளிஃபையரை அப்படியே கணக்காக்கி உள்ளே வைத்திருக்கிறார்கள். திரையில் குமிழ்கள். ஒரு குமிழின் மேல் 'ஹம்' என்று இருந்தது. எதற்கு என்றேன். பழைய செட்டில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வருமே, அது இல்லாவிட்டால் நிஜம் போல இருக்காது. வேண்டிய அளவு சேர்த்துக்கொள்ளலாம் என்றான். அந்த முனகலைப் போக்க நானும் அண்ணனும் எர்த் கம்பியை ஈரமண்ணில் புதைத்து, உப்பும் கரியும் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியது நினைவுக்கு வந்தது. நாங்கள் மண்ணுக்குள் அனுப்பியதைத் தோண்டியெடுத்துக் குமிழில் அடைத்து விற்கிறார்கள்.

சரி, கேட்டுவிட்டான். பெட்டியைத் திருப்பி ஸ்குருவைக் கழற்றினேன். என்னையறியாமல் இடது கை முதுகுக்குப் பின்னால் போயிற்று. கண்டன்சரை வடிக்க ரெசிஸ்டன்ஸ் தேடினேன். "பெரியப்பா, இது 12 வோல்ட் அடாப்டர்ல ஓடுது" என்றான். மீட்டர் வைத்துப் பார்த்தேன், நிஜம்தான். வேலையெல்லாம் செய்வது ஒரு கரப்பான்பூச்சி அளவு சிப். வால்வு ஒப்புக்குச் சப்பாணி. அதன் அடியில் எட்டிப் பார்த்தேன். ஆரஞ்சு நிற எல்.இ.டி. ஒன்று வால்வுக்கு அடியிலிருந்து வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்துப் பரவசப்பட்டது அந்த விளக்கைத்தான்.

ஆனாலும் வால்வுக்குக் காலடி உண்டு, காலடியில் ரெசிஸ்டன்ஸ் உண்டு, ரெசிஸ்டன்ஸுக்குக் குறுக்கே இடமும் உண்டு. மாமியாரை ஊருக்கு அனுப்பினேன். சும்மா கிடந்த மற்ற அரை வால்வைப் பின்னால் கோர்த்தேன். பிழை திருத்துகிற வழி ஒன்று சிப்பைச் சுற்றி இருந்தது. ஹெரால்டு பிளாக்கிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதையும் பாதி தளர்த்தினேன். முழுக்க வெட்டக் கை வரவில்லை. கேட்டால் வயசு என்பேன்.

அவன் கிட்டாரை மாட்டி ஒரு சுரத்தை இழுத்தான். 'க்ர்ர்ராங்ங்'. அதே ரைஸ்மில் பெல்ட். புளியமரம்தான் இல்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பையும் நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன்.

"இதான் பெரியப்பா! இதுக்குத்தான் எட்டாயிரம் ரூபாய்க்குத் தனியா ஒரு பெடல் வாங்கலாம்னு இருந்தேன்." 1983-இல் பிடித்துக்கொண்ட பாதி வாடகை வட்டியோடு வந்துசேர்ந்துவிட்டதாகக் கணக்கு எழுதிக்கொண்டேன்.

மணி பத்தாகிவிட்டது. சட்டப்படி ராத்திரி பத்திலிருந்து காலை ஆறுவரை ஒலிபெருக்கி கூடாது. 2005-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. எங்கள் கச்சேரிகள் ஆரம்பித்த நேரத்தில் இன்றைய கச்சேரிகள் முடிந்தாக வேண்டும். இவனுக்கு அந்தச் சங்கடமும் இல்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். பெட்டி வாயடைத்தது. திண்ணையில் உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டி, பல்லைக் கடித்து, ஆவேசமாக வாசித்தான். எனக்குக் கேட்டதெல்லாம் கம்பிமேல் பிளாஸ்டிக் சில்லு உரசுகிற 'டிக் டிக்' மட்டும். மூன்று ஊருக்குக் கேட்க வேண்டும் என்றுதான் நாங்கள் கெயின் ஏற்றினோம். இவன் கெயின் ஏற்றுவது தன் இரண்டு காதுகளுக்கு. தெரு பாகுபலி மாதிரி அமைதியாக நின்றது.

அப்போது ஒரு விட்டில் வந்தது. ஆரஞ்சு வெளிச்சத்தைச் சுற்றியது. நான் சட்டென்று எழுந்துவிட்டேன். கை துணியைத் தேடியது. அது கண்ணாடி ஜன்னலில் மோதி, அங்கேயே உட்கார்ந்தது. இறக்கையை இரண்டுமுறை விரித்து மடித்தது. கண்ணாடியில் விரலை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

பூச்சி கொஞ்சநேரம் மெட்டல் கேட்டுவிட்டுப் பறந்து போனது. அப்பா இருந்திருந்தால், இத்தனை வருஷத்து முன்னேற்றத்தில் அந்த ஒன்றைத்தான் ஒத்துக்கொண்டிருப்பார்.